எரியாத இசைத்தட்டுகள்

எரியாத இசைத்தட்டுகளை எரிந்துவிட்டன என்று சொன்னவன் நான். தமிழர் வீடுகளைக் கொளுத்திய எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்பாதி எரிந்தது உண்மை. பின்னறையில் என் கட்டிலுக்குக் கீழே தட்டுகள் இருந்த தகரப் பெட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. மாற்றுடுப்பு எடுக்கவென்று ஒரு பொலிஸ்காரரின் துணையோடு போனபோது பெட்டியைத் திறந்தே பார்த்தேன். மறுநாள், அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பாடசாலையின் மாமரத்தடியில், சாப்பிடப் பாணும் உடுக்க ஒரு புதுச் சாரமும் கொண்டு என்னைத் தேடி வந்தார், நான் வேலை செய்த கந்தோரில் என் மேலதிகாரியான பிரதம இலிகிதர். அவர் வாய் திறக்கும் முன்பே, "சேர், உங்கட ரெக்கோட் எல்லாம் எரிஞ்சு போச்சு" என்றேன். அந்த நாட்களில் எவரும் எவரிடமும் அத்தாட்சி கேட்கவில்லை. அதனாலேயே பொய் சுலபமாக வந்தது. அதனாலேயே அதை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் தப்பினீர் ஐசே, எனக்கு அது காணும்" என்றார்.

விற்றுக் காசாக்க நினைத்துச் சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் சொன்னது அலுப்பில். அந்த மனிதரின் கேள்விகளிலிருந்து ஒருவழியாகத் தப்பிவிட வேண்டும் என்ற அலுப்பு.

பிரதம இலிகிதர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் கப்பலில் வந்து இறங்கும் மாலுமிகளிடம் அவர் இசைத்தட்டுகள் வாங்குவார். மற்றவர்கள் ஆடுவதற்கான பாட்டுகளைத் தேடியபோது இவர் தேடியது ஒரு விசித்திரமான சாமான். பாடுகிறவர் சாதாரண பொப் பாடகர்தான், பாட்டும் காதல் பாட்டுத்தான். ஆனால் பின்னால் கித்தாருக்குப் பதிலாக நாலு வயலின்காரர்கள் கண்டிப்பான முகத்தோடு இருந்து வாசிப்பார்கள். இடையிலே ஹாப்சிகோட் என்ற பழைய வாத்தியம் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலத் தட்டும். பிறகு எங்கிருந்தோ ஓபோ வரும். "உங்கட நாதஸ்வரத்தின்ர ஒன்றுவிட்ட தம்பி ஐசே அது, வெள்ளைக்காரன் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில சேர்த்தவன்" என்பார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்த கனிஷ்ட இலிகிதர். வீட்டுக் கலியாணத்தில் மேளம், வானொலியில் சினிமாப்பாட்டு, இதற்கு அப்பால் எனக்கு இசை கிடையாது. ஆனாலும் கூட இருந்து கேட்க அவருக்கு மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். மேலதிகாரியிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது ஆள் இரத்மலானைக்காரர். விமானநிலையப் பட்டறையில் வேலை செய்த சிங்களவர், பிரதம இலிகிதரின் பள்ளித் தோழர். பிரதம இலிகிதரிடம் தட்டுகள் இருந்தன, அவற்றைப் போட நல்ல கருவி இல்லை. இரத்மலானைக்காரர் தன் கையாலேயே செய்த அம்ப்ளிஃபையர் ஒன்றை வைத்திருந்தார். அதனால் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ரயிலேறி அவருடைய வீட்டுக்குப் போவோம். அங்கே சட்டங்கள் உண்டு. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது, தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது, தாளம் போடவே கூடாது. மேலே விமானம் போனால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டும். இரத்மலானையில் விமானம் போகாமல் எங்கே போகும்? ஒரே பாட்டின் தொடக்கத்தை ஒரு பின்னேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு முடிவைக் கேட்காமலே வீடு வந்திருக்கிறேன். "மச்சாங், இவன் மல்லிக்கு விசர் பிடிக்கப்போகுது" என்று இரத்மலானைக்காரர் சிரிப்பார். சிநேகிதனை மச்சாங் என்றும் என்னைத் தம்பி என்ற பொருளில் மல்லி என்றும்தான் அவர் கூப்பிடுவார். இருவரும் ஓபோவா கிளாரினெட்டா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சண்டை பிடிப்பார்கள். வாய்த் தர்க்கம் முற்றிப் பிரதம இலிகிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்புவதும், இரத்மலானைக்காரர் கேற்றடியில் வைத்து அவரை இழுத்துக்கொண்டு வருவதும் வழக்கம்.

இதோடு முடிந்திருந்தால் பொறுத்திருப்பேன். என் காதைத் திருத்தவென்று பிரதம இலிகிதர் ஒரு பெட்டி தட்டுகளைத் தந்து, கூடவே ஒரு பழைய பிளேயரையும் தந்து, வீட்டில் வைத்துக் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து கந்தோரில் எனக்கு நிம்மதி போயிற்று. கோப்பில் கையெழுத்து வாங்கப் போனால், "ரெண்டாம் பக்கம் கேட்டீரோ? பாடுறவன் எந்த இடத்தில வாயை மூடுறான்?" சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தால், "ஓபோ வருகுதெல்லே, அதுக்கு முன்னால என்ன நடக்குது?" நான் ஒன்றையும் கேட்டிருக்கவில்லை. "நல்லா இருக்கு சேர்" என்பேன். "நல்லா இருக்கெண்டு சுடுதண்ணியையும் சொல்லலாம் ஐசே!" சம்பள உயர்வுக்குக்கூட இப்படி ஒரு பரீட்சை எழுதியதில்லை. கலவரம் வந்தது. பொய்யைச் சொன்னேன். கேள்விகள் நின்றன. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொய் சொன்ன குற்றம் அதுவரையில் சின்னதுதான். பெரியது பிறகு நடந்தது. முகாமிலிருந்து பிரதம இலிகிதர் என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் வைத்திருந்தார். ஒரு காலையில் இரத்மலானைக்காரர் கையில் ஒரு பை அரிசியோடும் காய்கறியோடும் வந்து வாசலில் நின்றார். பிரதம இலிகிதர் அவரை உள்ளே கூப்பிடவில்லை. "உங்கட ஆக்கள் என்ர ரெக்கோட்டை எல்லாம் எரிச்சுப்போட்டாங்கள். இனி என்னத்தைக் கேட்க வாறாய்?" என்றார். எரிந்த மனிதர்களைப் பற்றிப் பேச அவருக்கு நா எழவில்லை, தட்டுகளைப் பற்றித்தான் பேச முடிந்தது என்று இப்போது விளங்குகிறது. "மச்சாங், மம மொனவத் களே நே" என்றார் மற்றவர், தான் ஒன்றும் செய்யவில்லை என்று. பிரதம இலிகிதர் கதவைச் சாத்தினார். அவருக்குப் பின்னால், அவர் வாங்கித் தந்த சாரத்தை உடுத்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு வசனம் போதும். வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிநேகம் அந்தக் கதவோடு முடிந்தது. அரிசிப் பை பொழுதுபடும்வரை வாசலிலேயே கிடந்தது.

பெட்டி என்னோடு வீடு வீடாக மாறியது. மனைவி கேட்டபோது கந்தோர்ச் சாமான் என்றேன். அவளும் போய்ச் சேர்ந்து, நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கும் இந்தக் காலத்தில், காலையில் முருகன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் கைத்தொலைபேசி தன்பாட்டில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நீட்டியது. கேட்டே ஆகவேண்டிய, பொப் பாட்டோடு வயலினும் ஓபோவும் கலந்த பரோக் பொப், சேம்பர் பொப் அல்பங்களாம். இந்தப் பட்டியலைக் கேட்டது யார்? எரிச்சலோடு தள்ளிக்கொண்டு போனேன். ஒருவர் ஓர் அல்பத்தை இதயத்தைப் பிழிகிறது என்கிறார். இன்னொருவர் அதையே சீனி கூடிய பாயசம் என்கிறார். இத்தனை பேர் இத்தனை நிச்சயமாக எழுதுகிறார்கள், ஒருவராவது எந்த இடத்தில் பாடகன் வாயை மூடுகிறான் என்று சொல்லவில்லை. இப்படி நினைத்ததும் விரல் நின்றுவிட்டது. அது அவருடைய கேள்வி. கொஞ்சம் கீழே, மழையில் நனையும் ஒரு பியானோவும் அதன் மேல் ஒரு வாத்தும் இருந்த அட்டைப்படம். அந்த வாத்து என் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் இருந்தது.

தொலைபேசியிலேயே கேட்டேன். இரண்டாம் பக்கத்துப் பாட்டொன்றில் பாடுகிறவர் பாதியில் நிறுத்திவிடுகிறார். வயலின்கள் அவரை விட்டுவிட்டுப் போகின்றன. அவையும் ஓய்ந்த பிறகு ஓபோ தனியாக வருகிறது, செத்தவீட்டுக்குப் பிந்தி வந்தவர் உள்ளே போகாமல் கேற்றடியில் நிற்பதுபோல. அந்த மனிதர் என்னைச் சோதிக்கிறார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த இடத்தைத் தனியாகக் கேட்க அவரால் தாங்க முடியவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

மறுநாளே பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பிரதம இலிகிதர் எண்பதைத் தாண்டிவிட்டார். கால் ஏலாது, நாக்கு ஏலும். சொல்லவேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தட்டாக உருவி யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லை. ஒண்டையும் கேக்கேல்லை, என்ன?"

"இல்லை சேர்."

"கள்ளன் எண்டாலும் கேட்டிருப்பான்."

தட்டுகளை ஒவ்வொன்றாக உறையில் இட்டு முடித்துவிட்டு, "அவன் இருக்கிறானோ?" என்றார்.

"தெரியாது சேர்."

"தெரியாதோ? கதவைச் சாத்தேக்குள்ள பின்னால நிண்டனீரெல்லே. போய் அறிஞ்சுகொண்டு வாரும். பெட்டியையும் கொண்டு போம்." வாங்க மறுக்கிறாரா, அனுப்பி வைக்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரத்மலானைக்காரர் அதே வீட்டில் இருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். "மல்லி, நீ பொய் சொன்னது. அவன் நம்பினது. எனக்கு நோகுறது ரெண்டாவதுதான்" என்றார் தமிழில். கொட்டாஞ்சேனைக்கு வருவீர்களா என்றதற்குத் தலையாட்டவில்லை. பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு கேற்றைப் பூட்டினார். இதை நான் பிரதம இலிகிதரிடம் சொன்னபோது, அந்தப் பாட்டை என் தொலைபேசியில் போட்டுக் காட்டவா என்றும் கேட்டேன். "ஃபோனில வாறது பாட்டோ ஐசே, அது காதுக்குள்ள இரையிற நுளம்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கைத்தொலைபேசி அடித்தது. இரத்மலானைக்காரர். "மல்லி, நீ ஒண்டையும் கேட்டது இல்லைதானே. இப்ப கேள்" என்று சொல்லித் தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு தட்டைப் போட்டார். தண்டனைதான் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுத் தொலைபேசியும் அடித்தது. கொட்டாஞ்சேனை. "என்ன ஐசே, அவன் பிறகும் ஏதும் சொன்னவனோ?" நான் ரிசீவரைக் கைத்தொலைபேசியோடு சேர்த்துப் பிடித்தேன். நுளம்பு என்றவர் மூச்சுவிடாமல் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார்.

இப்போது எல்லா ஞாயிறும் இதுதான். ஒரு கையில் கொட்டாஞ்சேனை, மறு கையில் இரத்மலானை, நடுவில் கை விறைக்க நான். மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரியும், இருவரும் தெரியாததுபோலப் பாவனை. "அந்த ஆள் இன்னும் ஓபோ எண்டுதான் சொல்றதா?" என்கிறது இரத்மலானை. "காதில பஞ்சு வைச்சிருக்கிறானோ எண்டு கேளும்" என்கிறது கொட்டாஞ்சேனை. நேரே கதையுங்களேன் என்றால் உம்முடைய வேலையைப் பாரும் என்கிறார்கள். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று பல்லைக் கடித்திருக்கிறேன். தேவைதான் என்பதும் தெரியும்.

போன ஞாயிறு முதல் பக்கம் முடிந்து, தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் பொறுக்கவில்லை. "திருப்பிப் போடன்! என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கத்திவிட்டார். என்னோடு பேசும்போது அவர் எப்போதும் நீர் என்றுதான் சொல்வார், நீ என்று சொன்னதில்லை. அந்தச் சத்தம் என் கையைத் தாண்டி இரத்மலானைக்குப் போயிற்று. கேற்றைப் பூட்டிய முகம் என் நினைவுக்கு வந்தது. அழைப்பை வெட்டிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"இரு மச்சாங், திருப்புறதுதானே" என்றது இரத்மலானை.

அந்த மச்சாங் எனக்கில்லை. வாயைத் திறக்காமல் இரண்டு தொலைபேசிகளையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.