பெஞ்சுக்கு அடியில் நெருப்பு

டின்னின் நடுவில் ஒரு சோடாப் பாட்டிலை நிறுத்தி, அதைச் சுற்றி மரத்தூளைக் கொட்டிக் கொட்டி முஷ்டியால் இடிக்கிறாள் சண்முகசுந்தரி. பழைய மண்ணெண்ணெய் டின்; அடியில் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு ஓட்டை. தூள் கல்லாக இறுகியதும் பாட்டிலை மெதுவாகத் திருகி உருவுகிறாள். குழி சரியாமல் நின்றால் ஒன்றும் சொல்லமாட்டாள். சரிந்தால் டின்னுக்கும் தூளுக்கும் மரமில்காரனுக்கும் சேர்த்து வசவு விழும்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் அவள் கடை. புருஷன் ஞானசம்பந்தம் உள்ளே தோசை சுடுகிறார். தோசைக்கல்லைத் தவிர வேறு யாரோடும் அவருக்கு அதிகப் பேச்சில்லை. வெளியே கீற்றுப் பந்தலின் கீழ் நாலு பெஞ்சு. அங்கே சுந்தரி வைத்ததுதான் சட்டம். சாரல் மாதங்களில் அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தலையும் ஈரத்துண்டுமாகப் பல் கிட்டிக்க வந்து நிற்பார்கள். ஈரத்தோடு எந்த ஹோட்டலும் உள்ளே சேர்க்காது.

"உள்ள விடாதவன் விடாம இருக்கட்டும். இங்கன வாங்க. காலை அடியில நீட்டுங்க."

நீட்டியவர் முகம் மாறும். பெஞ்சுக்கு அடியில் டின் கனன்றுகொண்டிருக்கும்.

இந்த டின்னுக்கு அவள் சும்மா வந்து சேர்ந்துவிடவில்லை. முதல் சீசனில் விறகைப் போட்டு எரித்தாள். ஈர விறகின் புகையில் வந்தவர்களெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாதித் தோசையில் எழுந்து போனார்கள். அடுத்த சீசனில் சட்டி நிறையக் கரி. சூடு அருமையான சூடுதான்; ஆனால் சாத்தூர் வியாபாரி ஒருவரின் துண்டு நுனி சட்டிக்குள் விழுந்து பற்றிக்கொண்டது. எண்ணெய் குடித்த துண்டு, கேட்கவா வேண்டும்? அவர் துள்ளிய துள்ளலைச் சுந்தரி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

அப்புறம்தான் செங்கோட்டை மரமில்லில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்த தூள் அவள் கண்ணில் பட்டது. இடித்து இறுக்கிக் காலையில் பற்றவைத்தால் மத்தியானம் தாண்டியும் புகையாமல் கனல்கிறது. மேலே ஓட்டை போட்ட தகரமூடி. எந்தத் துண்டும் உள்ளே விழாது. அடுத்த ராஜ்யத்தில் இருந்த செங்கோட்டை, மாநிலம் பிரித்தபோது மதராஸ் பக்கம் சேர்ந்த பிறகு எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டுகிற தொல்லையும் ஒழிந்தது. "நாட்டைப் பிரிச்சதுல எனக்குக் கெடைச்சது இதாம்" என்பாள். தூள் நனைந்தால் தொலைந்தது என்பதால் அடுப்போரத்து உலர்ந்த இடம் தூள்மூட்டைக்கு. அரிசிமூட்டை வாசல் பக்கம் கிடக்கும். ஞானசம்பந்தம் இதைப் பற்றி ஒரு தடவை கேட்டுப் பார்த்தார், மறுதடவை கேட்கவில்லை.

இந்த ஆடியில் வந்தது வம்பு. கடைக்கு இடம் கொடுத்திருக்கும் பால்வண்ணநாதன் கொல்லத்துக்குப் போனவர் மண்ணெண்ணெயில் எரிகிற ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். இடுப்பு உயரம். பின்னால் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் தகடு.

"துரைமார் பங்களாவுல இதாம் வைக்கான். அந்தத் தகர டின்னைத் தூக்கி எறி. கோட்டுப் போட்டவன் வந்து உக்காரணும்லா?"

பார்க்காமலே வேண்டாம் என்கிற ரகமில்லை சுந்தரி. ஒரு காலை முழுக்க எரித்துப் பார்த்தாள். எதிரே இருந்தவருக்கு முழங்கால் சுட்டது. அடுத்த பெஞ்சுக்காரர் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மிச்சச் சூட்டைச் சாரல் காற்று அள்ளித் தென்காசிக்குக் கொண்டுபோயிற்று. நெய்த்தோசையில் மண்ணெண்ணெய் வாடை. மத்தியானம் அதை அணைத்து, ஆறவைத்து, துடைத்து, இடத்துக்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

"நல்ல சாமான்தான் அண்ணாச்சி. நாலு சொவருக்குள்ள வைங்க. எனக்குச் சொவரு இல்ல. காத்தைச் சூடாக்கவா கடை போட்டிருக்கேன்? குளிச்சிட்டு வாறவனுக்குக் கால் சூடானாப் போதும்."

தெருவே கேட்டது. சிலர் சிரித்தும்விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பால்வண்ணநாதன் பந்தலுக்கு வந்தார்.

"ஹீட்டரை வை. இல்லாட்டி விடிஞ்சதும் எடத்தைக் காலி பண்ணு. எடத்துக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

உள்ளே தோசை திருப்புகிற சத்தம் நின்றது. சாரலில் சம்பாதிப்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு வருஷம் முழுவதும் சோறு. பாதி ஆடியில் இடம் போனால் வேறெங்கும் கடை போட முடியாது. சுந்தரிக்கும் இது தெரியும். குரலை இறக்கவில்லை.

"ஆனி பொறக்கையில எங்கிட்ட வெத்தலை மாத்துனிய. ஆவணி முடிய ஒனக்குத்தான்னு சொன்னது நீங்க. சாரல் நிக்கட்டும், பந்தலை நானே பிரிக்கேன். அதுக்கு முன்னால பிரிக்க ஒருத்தனும் பொறக்கல."

சீசன் கடைகளுக்கு அந்த பஜாரில் பத்திரம் கிடையாது. தட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. மாற்றிய பிறகு பேச்சை மீறியவர் அடுத்த சீசனில் தட்டு நீட்டினால் எவரும் கை வைக்க மாட்டார்கள். அது பால்வண்ணநாதனுக்குத் தெரியாததல்ல. அதனால் குரல் இன்னும் உயர்ந்தது.

"வெத்தலை மாத்துனா எடம் ஒனக்குச் சொந்தமா?"

"ஆவணி வரைக்கும் சொந்தம்."

"சுந்தரி," என்றார் ஞானசம்பந்தம் உள்ளேயிருந்து, "அண்ணாச்சி சொல்லுததைக் கொஞ்சம் கேட்டுக்கிடுவமே."

"நீங்க தோசையைப் பாருங்க. கருகுது."

அப்போது சாரல் சாய்வாக வந்து அடித்தது. பால்வண்ணநாதன் பந்தலுக்குள் ஒதுங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே சட்டம் பேசினார். முன்சீப்பு கோர்ட்டு வரைக்கும் போவேன் என்றார். பேச்சு கோர்ட்டுப் படியேறிக்கொண்டிருக்கையில் நனைந்த கால்கள் இரண்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, மெல்ல மெல்லப் பெஞ்சுக்கு அடியில் போய் டின்னை அண்டிக்கொண்டன. அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் தோசை தின்றவர்கள் கவனித்தார்கள். சுந்தரியும் பார்த்தாள்.

உள்ளே போய்க் காலி டின் ஒன்றை எடுத்து வந்தாள். அவர் கண்ணெதிரே தரையில் வைத்தாள். நடுவில் சோடாப் பாட்டிலை நிறுத்தினாள். தூளைக் கொட்டி, நாளைக் காலைக்காக, முஷ்டியால் இடிக்க ஆரம்பித்தாள்.