எனக்கு ஸ்டென்ட் இல்லை

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஊரையெல்லாம் உட்கார்ந்தபடியே சுற்றியாகிவிட்டது. அப்படிப்பட்டவனைத்தான் தினமும் முக்கால் மணி நேரம் பார்க்கில் நடக்கச் சொன்னார் திருப்பதி டாக்டர். இதயக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறதாம். மூன்று மாதம் மாத்திரை, நடை. அப்புறமும் டெஸ்ட் சரியாக வராவிட்டால் ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும் என்றார் தெலுங்கில். பெரிய வீரன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டோவில் ஏறினவன் போக வேண்டிய இடத்தைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் என் சம்சாரம் எங்கள் ஊர் புத்தூர் பார்க் வாசலில் என்னைக் கொண்டுவந்து தள்ளினாள். அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. வேப்பமரத்தடியில் என் வயசுக்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தருக்கு இரண்டு ஸ்டென்ட், இன்னொருத்தருக்கு மூன்று. மூன்றாமவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சின் நடுவே ஓடிய பைபாஸ் தழும்பைக் காட்டினார். அவர்தான் அங்கே தலைவர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எனக்கு எத்தனை என்று கேட்டார்கள். வெறும் மாத்திரை என்று சொல்ல வாய் வரவில்லை. பாஸ் இல்லாமல் பஸ் ஏறினவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்களே! ஒன்று என்றேன். கை வழியாகவா, தொடை வழியாகவா என்றார் இரண்டு ஸ்டென்ட்காரர். கை என்றேன். எந்தக் கை என்றார் மூன்று ஸ்டென்ட்காரர். பேச்சை மாற்றத்தான் முதல்முறையாக வேகமாக நடந்தேன்.

வீட்டில் சொன்னதும் சம்சாரம் கரண்டியோடு வந்தாள்.

"வேணாம் வேணாம்னு நான் சாமி கும்புட்டுக்கினு கீறேன். நீ வாயாலேயே வரவெச்சிக்கிறியா?"

அன்றைக்குப் பிடித்தது பயம். சொன்ன பொய் பலித்துவிடுமோ என்று ஒரு நாள் விடாமல் போனேன். மழைத் தூறலிலும் போனேன். அரைச் சுற்று ஆறு சுற்றானது. அரசியல், மருமகள், மாங்காய் விலை என்று நாலு பேரும் கத்திக்கொண்டே நடப்போம். வீட்டில் எரிந்து விழுவது குறைந்ததாக சம்சாரம் பக்கத்து வீட்டில் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை, கொழுப்பு.

மூன்றாம் மாதம் டிரெட்மில்லில் ஏற்றினார்கள். பேப்பரைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம், நடையை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து சம்சாரம் அழுதாள். நானும்தான்.

மறுநாள் பார்க்கில் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஸ்டென்டே கிடையாது, இனிமேலும் வேண்டாமாம் என்றேன். இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றேன்.

பைபாஸ்காரர் மட்டும் என் தோளில் கை வைத்தார்.

"நாங்கல்லாம் அறுத்துக்கினப்புறம் இங்க வந்தவங்க. நீ ஒருத்தனாவது முழுசா இருடா."