நான் மறைத்த முதல் ஊசி

என் நாய் றோசிக்கு இரண்டு குட்டிகள் பிறந்து மூன்று மணித்தியாலமாகியும் அடுத்தது வரவில்லை. முக்கி முக்கிக் களைத்துக் கிடந்தாள். பாலையூற்றில் இருபத்திரண்டு வருடமாக லாப்ரடோர் நாய்களை இனவிருத்தி செய்தவன் நான். எனக்குத் தெரியாததா என்ற தலைக்கனம் நிறையவே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். பிரசவ வலியைக் கூட்டும் ஊசி மருந்தை பிரிட்ஜில் வைத்திருப்போம். டொக்டரைக் கூப்பிட முதல் நாங்களே போட்டுப் பார்ப்போம். அன்றும் போட்டேன். பலனில்லை. பிறகுதான் மிருக வைத்தியர் நஸீருக்கு போன் எடுத்தேன். கிண்ணியாக்காரர், என்னைவிட நன்றாக இளையவர்.

வந்து, கையுறை போட்டுச் சோதித்தார்.

“கைக்கு எட்டின வரைக்கும் குட்டி இல்ல. முதல்ல நீங்க ஏதும் ஊசி போட்டீங்களா?”

“சீச்சீ, நான் ஒண்டும் போடேல்லை டொக்டர்.”

முன்பொருமுறை இதே விஷயத்துக்கு என்னை ஏசியிருந்தார். இன்னொரு தரம் ஏச்சு வாங்க மனமில்லை.

அவரும் அதே மருந்தை அளவாகத்தான் ஊசியில் போட்டார். சற்று நேரத்தில் றோசியின் பல் முரசு வெளிறியது. சத்திரசிகிச்சைக்கு வாகனத்தில் ஏற்ற முதலே உயிர் போய்விட்டது. வயிற்றிலிருந்த குட்டிகளும் போயின.

“வயித்தத் திறந்து பார்ப்பம். என்ன நடந்ததெண்டு எனக்கும் தெரியணும்,” என்றார் நஸீர்.

“செத்ததையும் கிழிக்கப் போறீங்களோ? ஏலாது!” என்று கத்தினேன். உண்மையில் எனக்குப் பயம்.

அன்று பின்னேரமே நாய் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். நஸீர் ஒரே ஊசியில் என் நாயைக் கொன்றுவிட்டார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். கப்பல்துறையில் அவர் நடத்திய சிறிய கிளினிக்குக்கு ஆட்கள் போவது நின்றது.

ஐந்து மாதம் கழித்து, கிளினிக்கை மூடுகிறாராம் என்று கேள்விப்பட்டுப் போனேன். மருந்து அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“டொக்டர், அண்டைக்கு நீங்கள் வர முதல் நான் ஒரு ஊசி போட்டனான்.”

கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஏசவில்லை.

“ஒரு ஊசி போட்டும் வரல்லண்டா, குட்டி குறுக்க கிடக்குதெண்டு யோசிச்சிருப்பன். ரெண்டாவது ஊசி போட்டிருக்க மாட்டன். ரெண்டும் சேர்ந்துதான் கர்ப்பப்பை கிழிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா நேரா ஒப்பரேசன்தான். றோசி தப்பியிருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அதே குழுவில் உண்மையைச் சொன்னேன். முதற் பதிவைப் பரப்பியவர்களில் ஒருவரும் இதைப் பரப்பவில்லை.

புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். வைத்தியர்களும் பிழை விடுவார்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள், உடலைத் திறந்து பார்க்க விடுங்கள். அதற்கு முதல், உங்கள் கை என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நஸீர் இப்போது புல்மோட்டைப் பக்கம் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். நாய் என்றால் வருவதில்லையாம்.