மருந்தென்று நான் கொடுத்த வெங்காயம்

என் கணவர் திண்டுக்கல்–எரியோடு தனியார் பேருந்தில் நடத்துநராக இருந்தார். அடிக்கடி வயிறு உப்பி முறுக்கும். பாதி வழியில் பேருந்தை நிறுத்தி இறங்கி ஓடுவார். பரிசோதனைகள் செய்த மருத்துவர், ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதினார். என்னென்ன சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். இட்லி, சோறு, குழம்பு என்றேன்.

தினமும் காலையில் பழைய சோற்றோடு எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி கொடுத்ததைச் சொல்லவில்லை. வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று அதை மருந்தாகத்தான் நினைத்தேன். வலி கூடியபோது வெங்காயத்தையும் கூட்டினேன்.

இரண்டு வருடம் போனது. பயணிகளின் ஏச்சு பொறுக்காமல் ஒரு நாள் டிக்கெட் பையை ஒப்படைத்துவிட்டு வந்தார். "இனிமே போகமாட்டேன் புள்ள. அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாக."

அடுத்த முறை மருத்துவரிடம், "வெங்காயங்கூட விடாமக் குடுக்குறேனே சார்" என்று அழுதேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அத நிறுத்திப் பாருங்கம்மா. இவருக்கு அது சேரல போல."

ஒரு மாதத்தில் வலி பாதியானது. அதற்குள் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

இப்போது கைவைத்தியம் உட்பட அவர் வாயில் போடுவதையெல்லாம் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுகிறேன். வெங்காயமில்லாமல் அவருக்குத் தனியாகக் குழம்பு வைக்கிறேன். அந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறார். நான் அவர் தட்டைப் பார்க்கிறேன்.

– ஒரு வாசகி, எரியோடு