கை படாமல் ஒரு சுற்று

எங்கள் அன்பு அக்கா தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் தவறிவிட, ஆசிரியர் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார், திருமணமும் செய்து வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கோடம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் போய் வந்தார். தமக்கென்று அவர் என்னிடம் கேட்ட ஒரே பொருள், நாங்கள் கழற்றிப் போட்ட பழைய வாசல் கதவு.

ஓய்வு பெற்றபின் அந்தக் கதவைக் கிடத்தி, அதன்மேல் பழைய மீட்டர்கேஜ் ரயிலைப் பொம்மை அளவில் திரும்ப ஓட விட முனைந்தார். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நான்கு நிலையங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே ஒன்பதே மில்லிமீட்டர். அந்தச் சின்ன அளவில் நம்மூர்ப் பெட்டி எந்தக் கடையில் கிடைக்கும்? மோட்டாரையும் சக்கரங்களையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பெட்டிகளை உறவினர்களான உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்தார். "பத்திரிகையைக் கெட்டி அட்டையில அடிங்க" என்று சொந்தக்காரர்களுக்கு போன் செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வேலை முடியும் நேரத்தில் புற்றுநோய் என்றார்கள். நான் அழுதேன். அக்கா அழவில்லை.

"யார் கையும் படாம வண்டி ஒரு சுத்து வரணும்டா. அதைப் பார்த்துட்டுப் போறேன்" என்றார்.

வண்டியோ குரோம்பேட்டை நடைமேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றுவிடும். போகும்போதும் வரும்போதும் நாங்கள் விரலால் தள்ளிவிடுவோம். அக்காவுக்குக் கோபம் வரும். "கையால தள்றதுக்குத் தள்ளுவண்டி போதுமே, ரயில் எதுக்கு?" என்பார். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மறுநாளே ஒயரைப் பிரித்துக்கொண்டு உட்காருவார். இப்படி மூன்று மாதம்.

பொங்கலுக்கு முந்தின வாரம், பாலத்தையே பெயர்த்தெடுத்துத் தண்டவாளத்தை விரலால் தடவி, மோந்து பார்த்தார்.

"டேய், இங்க சந்தனம் வெச்சது யாரு?"

நான்தான். ஆயுத பூஜையன்று, கண்ணில் பட்டால் திட்டுவார் என்று பாலத்துக்கு அடியில் மறைவாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். காய்ந்த சந்தனம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்குப் போகிற மின்சாரத்தை மறித்துவிட்டது. உடம்பு முடியாத அக்காவை மூன்று மாதம் அலைக்கழித்தது என் பக்தி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பொட்டுன்னா வண்டிக்கு வெப்பாங்க. நீ ரோட்டுக்கு வெச்சிருக்கியே!" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

துடைத்து முடித்ததும் என் மனைவி, மகள், மாடி வீட்டு சார் எல்லோரையும் கூப்பிட்டார். "எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்குங்க."

வண்டி தாம்பரத்தில் கிளம்பியது. பாலத்துக்கு அடியில் நுழைந்தது. வண்டி நிற்கவில்லை. பல்லாவரம் போய்த் திரும்பித் தாம்பரத்துக்கே வந்து சேர்ந்தது. அக்கா இரண்டு கைகளையும் தூக்கி, "தாம்பரம் வந்தாச்சு, எல்லாரும் இறங்குங்க!" என்று கத்தினார். அன்று மட்டும் பதினேழு சுற்று.

மாசியில் அக்கா இறைவனடி சேர்ந்தார். நினைத்ததை முடித்துவிட்டு, ஜெயித்துவிட்டுத்தான் போனார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கதவைத் தூக்கிவைக்கத் தோள் கொடுத்த மாடி வீட்டு சாருக்கும், கெட்டி அட்டையில் பத்திரிகை அடித்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. முதலாண்டு நினைவு நாளான இன்று கூடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் உங்கள் வீட்டு மாப்பிள்ளை, பெண் பெயர்கள் தெரியும். பொட்டை இந்த முறை வண்டியின் நெற்றியில் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.