நான் இடிக்கச் சொன்ன சுவர்

என் சகலை போடும் டீ வெறும் வெந்நீர். இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அவன் கடையில் எப்போதும் கூட்டம். காரணம் டீ இல்லை, இடம். மூன்று தெருக்கள் சேரும் முனையில் கடை வைத்திருக்கிறான். கோயிலுக்குப் போகிறவன், பஸ்ஸுக்குப் போகிறவன், சேலை வாங்க வந்தவன், எவனானாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

என் டீக்கடை முட்டுத் தெருவில். தெரு முடிவில் பழைய அரிசி மில்லின் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவன் டீ ஆற்றும் சத்தம்கூட எனக்குக் கேட்கும். நடந்து போனால் பெரிய தெருவைச் சுற்றிப் பத்து நிமிஷம்.

கேட்டுக் கேட்டு வயிறு எரிந்தது. மில் இடத்தை மனை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், சுவரை இடித்து வழி விடச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். எதிர்வீட்டு நெசவுக்கார அம்மா மட்டும் போடவில்லை. எங்கள் தெருவில் காலையில் பாவு போடுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்க்கும் வேலை அது. ஏழெட்டுப் பேர் வேண்டும். முடிந்ததும் அத்தனை பேரும் என்னிடம்தான் டீ குடிப்பார்கள்.

"வழி வுட்டா வண்டி வரும்பா. அப்புறம் பாவு எங்க போடுறது? உன் டீய யாரு குடிப்பா?" என்றார் அந்த அம்மா.

ஊரே வரப்போகிறது, இந்த ஏழு பேர் எதற்கு என்று நினைத்தேன்.

சுவர் போனது. வண்டிகள் வந்தன, நிற்காமல். முதல் வாரமே ஒரு பைக் பாவில் புகுந்து இழைகளை அறுத்தது. பாவை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் தெருவும் போய்ச் சேர்ந்ததில் சகலையின் முச்சந்தி நாற்சந்தியானது. என் கடை நடுத்தெருவில் மாட்டிக்கொண்டது; நடுத்தெருவில் எவனும் நிற்பதில்லை. திரும்புகிற இடத்தில்தான் வண்டியை மெதுவாக்குகிறான், தெரிந்தவனைப் பார்க்கிறான், டீ சொல்கிறான். இது எனக்கு முன்பே உறைக்கவில்லை.

ஒருநாள் சகலை புதுவழியாகவே நடந்து வந்தான்.

"சகலை, அங்க ஜனம் ஒக்கார எடமில்ல. உன் பெஞ்சு சும்மாதான கெடக்குது, எடுத்துக்கினு போவட்டா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் இன்னும் எரிந்தது. அக்கா வீட்டுக்குத்தானே, கொடுத்துவிடுங்கள் என்றாள் என் மனைவி.

கொடுக்கவில்லை. பெஞ்சில் ஒருவரும் இல்லை. நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.