நைந்த முழங்கை

விடுதியில் அவளை எல்லோரும் ‘மூலை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டில் விரிப்பின் மூலையை அவள் மடித்துச் செருகினால், படுத்தவர் இரண்டு நாள் புரண்டாலும் அது வெளியே வராது. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. ஒவ்வொரு மூலைக்கும் வலது கையால் மெத்தையைத் தூக்கிப் பிடித்து, இடது கையால் துணியை உள்ளே தள்ள வேண்டும்.

நாற்பத்தேழு வயதில் அந்த வலது முழங்கை மக்கர் செய்யத் தொடங்கியது. விழவும் இல்லை, எங்கேயும் இடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு நாள் அறையில் இருந்த தண்ணீர்க் கெட்டிலைத் தூக்கினாள். பிடி நழுவி, தரைவிரிப்பெல்லாம் தண்ணீர். அதிலிருந்து கதவுக் குமிழைத் திருப்பினால் வலி, தலை துவட்டினால் வலி. தைலம், பட்டை, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. பக்கத்துக் கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இரண்டு மாதம் கை பூவாக இருந்தது. பிறகு வலி வட்டியோடு திரும்பி வந்தது. இரண்டாவது ஊசி மூன்று வாரம்தான் தாங்கியது. மூன்றாவதற்குப் போனபோது, “இனிமே போட்டா நார் இன்னும் பலவீனமாயிடும்” என்று பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்த எலும்பு டாக்டர் அவளைவிடக் களைத்திருந்தார். ஸ்கேன் படத்தைப் பார்த்தபடியே பேசினார்.

“தசையை எலும்போட கட்டற நார் இருக்கில்லம்மா, அது நைஞ்சு போயிருக்கு. உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, அதுல பிளேட்லெட் நிறைய இருக்கற பகுதிய மட்டும் பிரிச்சு அந்த இடத்துல போடலாம். நார் தானா ஆறறதுக்கு ஒரு தூண்டுதல்.”

“நிச்சயம் சரியாயிடுமா டாக்டர்?”

“நிச்சயம்னு சொன்னா பொய் சொன்னதாயிடும். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல.”

அவர் பொய் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது, கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால்தான் என்ன என்றும் தோன்றியது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். “கம்பி நைஞ்சா நாங்க கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவோம். இது கையாச்சே. சரி, போட்டுப் பாரு.”

ஊசிக்கு ஒரு வாரம் முன்பே வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குக் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை; கூடவே வந்தவள் ‘ரேடியோ’. விடுதியில் அவள் மாடியிலேயே மீதி அறைகளைப் பார்ப்பவள், வாய் ஓயாதவள். நர்ஸ் ரத்தம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே, “தன் கையே தனக்கு உதவின்னு கேட்டிருக்கேன், தன் ரத்தமே தனக்கு உதவின்னு இப்பதான்க்கா பாக்கறேன்” என்றாள். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கால் மணி நேரம் மெஷினில் சுற்றி வந்த குழாயின் மேல்பகுதியில் வெளிறிய மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. டாக்டர் ஸ்கேன் கருவியை முழங்கையில் வைத்து, இடம் பார்த்து ஊசியை இறக்கினார். ரேடியோ தன் கையை நீட்டியிருந்தாள். மூலை அக்கா அதைப் பிடித்த பிடியில் ரேடியோவின் மோதிரம் அவள் விரலிலேயே பதிந்துவிட்டது.

மூன்று நாள் வலி உயிரை எடுத்தது. வழக்கமான வலி மாத்திரை ஆறவிடாது என்று அதையும் தடுத்திருந்தார்கள். கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாததால் கணவர்தான் பின்னல் போட்டார்.

“என்னங்க இது, கேபிளை முறுக்கி வெச்ச மாதிரி இருக்கு?”

“எங்க கேபிள் அறுந்ததா சரித்திரமே கிடையாது. பேசாம உக்காரு.”

அதற்கப்புறம் விடுதியில் கைக்குச் சிரமமில்லாமல், துணி அறையில் துண்டு எண்ணும் வேலை. ஐந்து வாரம் போனது. வலியில் ஒரு மாற்றமும் இல்லை. “எப்படிக்கா இருக்கு?” என்று கேட்பவர்களுக்கெல்லாம் “பரவாயில்ல” என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

ஆறாவது வாரம் மூன்று பேர் வேலைக்கு வரவில்லை. அறைகளைப் பார்க்க முடியுமா என்று மேலாளர் தயங்கித்தான் கேட்டார், அவள் மறுக்கவில்லை. எட்டு அறை முடித்தாள். ஒன்பதாவதில் மெத்தை எழவில்லை. மறுபடி தூக்கினாள், பிடி நழுவியது. விருந்தாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது விடுதியின் முதல் விதி. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

தள்ளுவண்டியோடு எட்டிப் பார்த்த ரேடியோ அதை வாசலிலேயே விட்டாள். உள்ளே வந்து மெத்தையின் மூலையைத் தூக்கிப் பிடித்தாள். மூலை அக்கா எழுந்து இடது கையால் துணியைச் செருகினாள். அப்படியே நாலு மூலையும். அடுத்த அறைக்கும் சேர்ந்தே போனார்கள்.

மேலாளர் வந்து பார்த்தார். “ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரா?”

“ஒருத்தியா என்னால முடியாது சார். ரெண்டு பேரா இருந்தா அவ பங்கையும் சேர்த்தே முடிச்சிடறோம். வேணும்னா மணி பாருங்க.”

அவர் நிஜமாகவே மணி பார்த்தார், நாலு நாள். அறை ஒன்றுகூடக் குறையவில்லை. ஐந்தாம் நாள் நிறுத்திக்கொண்டார். உத்தரவு என்று எதுவும் போடவில்லை, தடுக்கவும் இல்லை.

நாலாவது மாதம் டாக்டரிடம் போனபோது வலி பாதிதான் இருந்தது. கெட்டிலைப் பிடிக்க முடிந்தது. பின்னலும் தானே போட்டுக்கொண்டாள்.

“ஊசிதான் கேட்டுச்சா டாக்டர்?”

“ஊசியா இருக்கலாம், ஓய்வா இருக்கலாம், ரெண்டு பேர் சேர்ந்து தூக்கறதா இருக்கலாம். பிரிச்சுச் சொல்லத் தெரியலம்மா. இன்னொன்னு போட்டுப் பாக்கலாமா?”

அந்த மூன்று நாளை நினைத்துப் பார்த்தாள். “வேணாம் டாக்டர். இந்த அளவுக்கு வந்ததே போதும்.”

தினமும் பயிற்சி செய்யச் சொல்லியனுப்பினார்கள். வேலை முடிந்து வந்ததும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து தடவை. நாற்காலியில் சாய்ந்தபடி கணவர் எண்ணுகிறார். இருபதைத் தாண்டுவதற்குள் அவர் கண் செருகிவிடும். மிச்சத்தை அவளே எண்ணிக்கொள்கிறாள்.